ஒருக்காத் தேய்ச்சுவிட்டால் சரி

தேய்ப்பாளர் என்றோர் இனம் உண்டு, கண்டிருக்கிறீர்களா? மன்னார்த் தீவில் கழுதைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இதுதான். கழுதையாவது சில வேளை சும்மா நிற்கும். இது நிற்காது.

கொன்ஸ்ரன்ரைனை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்றொழிலாளி, தங்கமான மனுசன், ஆனால் கிரைண்டர் ஒன்று வாங்கிய நாளிலிருந்து நங்கூரத்தின் துருக்கறளைத் தேய்த்து, கேற்றைத் தேய்த்து, குசினிக்குள் புகுந்து இடியப்ப உரலையும் தேய்த்து, “அது நல்லாத்தானே இருந்தது!” என்று மனைவி றோஸ்மேரி கத்தக் கத்த, “ஒருக்காத் தேய்ச்சுவிட்டால் சரி” என்றபடி அடுத்த பொருளைத் தேடுகிறவர். பொருள் நன்றாக இருந்தால் என்ன? கை சும்மா இருக்கிறதே!

இந்த வருடம் கடலைப் பார்த்தபடி மாதா சுரூபம் நிற்கும் கோயில் கெபிக்குப் புதிதாக எவர்சில்வர் கைபிடிக் கம்பி போட்டிருந்தார்கள். செய்து கொடுத்தவர் மன்னார்ப் பட்டறைக்காரர் றினாஸ். திருநாள் ஞாயிறன்று அந்தக் கம்பியைப் பிடித்து முழந்தாளிட்டுத்தான் கொன்ஸ்ரன்ரைனின் ஒரே மகள் கிருஷிகா முதல்நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டும். அவளுக்காக றோஸ்மேரி மூன்று மாதம் இருந்து வெள்ளைக் கையுறை பின்னியிருந்தாள்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள், கம்பியின் மினுக்கம் போதாது என்று கொன்ஸ்ரன்ரைனுக்குத் தோன்றியது. தோன்றினால் விடுவாரா? கொடியேற்றத்தோடு தொடங்கிய நவநாளின் மூன்றாம் நாள் கம்பி முழுக்க மண்ணிறக் கறள். இன்னொருமுறை தேய்க்கப் புறப்பட்டவரை மறித்து, றோஸ்மேரி றினாஸைக் கூப்பிட்டாள்.

“அண்ணை, கிரைண்டரில எந்தத் தட்டைப் போட்டுத் தேய்ச்சனீங்கள்?” என்று கேட்டார் றினாஸ்.

“நங்கூரத்துக்குப் போடுற தட்டுத்தான். நல்லாக் கடிக்கும்.”

“அதுதானே! நங்கூரத்து இரும்புத்தூள் இதில ஏறிக் கறள் பிடிச்சிருக்கு. நீங்கள் போட்ட கீறலுக்குள்ள உப்பும் போய்க் குந்தியிருக்கு. நான் வழுவழுப்பாத் தந்தது வடிவுக்கு மட்டுமில்ல அண்ணை, உப்பு தங்கக்கூடாதெண்டுதான்.”

வெள்ளிக்கிழமை முழுநாளும் இருந்து, மருந்து பூசிக் கறளை எடுத்து, நைசாக, இன்னும் நைசாக மினுக்கி, நல்ல தண்ணீரால் கழுவிக் கொடுத்தார் றினாஸ். “திருநாள் முடியுமட்டும் மெசினைத் தொடாதேங்கோ.”

“ஓம், ஓம்” என்றார் கொன்ஸ்ரன்ரைன். மாதா சுரூபத்துக்கு முன்னால்தான் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் கம்பியில் பெருவிரல் அளவுக்கு ஒரு மங்கல் தெரிந்தது. யாருடைய பெருவிரல்? அவருடையதுதான். துணியால் துடைத்திருந்தால் போயிருக்கும். ஆனால் துணியால் துடைப்பதெல்லாம் ஒரு வேலையா? அதே தட்டு வந்தது. அந்த இடம் மினுங்கியது. மினுங்கியதால் பக்கத்து இடம் மங்கலாகத் தெரிந்தது. அதையும் தேய்க்க, அதற்கடுத்த இடம் கோபித்துக்கொண்டது. கம்பி முழுவதையும் சமாதானப்படுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இரவுப் பனியும் கடல்காற்றும் தங்கள் வேலையைப் பார்த்தன. ஞாயிறு காலை, கம்பியின் மேற்பக்கம் பளபளப்பதைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார் கொன்ஸ்ரன்ரைன். விரல் மடங்கிப் பிடிக்கும் கீழ்ப்பக்கத்தை அவர் குனிந்து பார்க்கவில்லை. கிருஷிகா முழந்தாளிட்டாள், பிடித்தாள், நன்மை வாங்கி எழும்பினாள். இரண்டு கையுறையிலும் கறள். படம் பிடிக்கக் கூப்பிட்டபோது கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“அப்பா, நான் கைகழுவிப்போட்டுத்தான் போட்டனான்” என்றாள், அழுகையை அடக்கியபடி.

கொன்ஸ்ரன்ரைனுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. “நீ இல்லையம்மா, அப்பாதான்” என்றார். அன்று மத்தியானமே கையுறைகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

“இஞ்சேருங்கோ, அது நூல்! மெல்லமா!” என்று ஓடிவந்தாள் றோஸ்மேரி.

“ஒருக்காத் தேய்ச்சுவிட்டால் சரி.”

கறள் போகவில்லை. நூல் போய்விட்டது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இதை நான் நான்கு நாட்களுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு தினமும் ஒருமுறை தேய்த்தேன். எங்காவது ஓட்டை தெரிந்தால், அது அப்படி விழுந்ததுதான். அதைக் கண்டதும் உங்கள் கை பேனையைத் தேடுகிறதென்றால், அண்ணை, அக்கா, தயவுசெய்து முதலில் அந்த மெசினைக் கீழே வையுங்கள்.