வாசலில் உட்கார்ந்திருந்தது அப்பா அல்ல

மதிப்புக்குரிய மார்லிஸ் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் லினியா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை, ஊர் நூலகத்தின் சோளக்கொல்லைப் பொம்மைப் போட்டிக்குத் தலைமை நடுவராகிய தங்களிடம் அளிக்கும் முறையீடாகவும் ஏற்க வேண்டுகிறேன்.

இன்று நூலகத்தில் ஒட்டிய முடிவுப் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நேராக, "பொம்மை வைக்கவில்லை. வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். மரியாதையாக நடந்துகொண்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை, அந்த வீட்டுக்காரர்தான் பொம்மை!

கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. வைக்கோல்கூட வாங்காமல், மேப்பிள் சருகுகளை ஒரு வாரம் உலர்த்தி, அம்மாவின் கிழிந்த காலுறைகளில் திணித்துக் கைகால்கள் செய்தேன். அப்பாவின் பெயிண்ட் படிந்த கால்சட்டையும் கட்டம்போட்ட சட்டையும் மாட்டினேன். தலையணை உறையில் நான்கு முறை முகம் வரைந்தேன், நான்கு முறையும் எங்கள் கணக்கு ஆசிரியையின் முகமே வந்ததால், வாசல் நாற்காலியில் உட்காரவைத்துத் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துவிட்டேன். இரவெல்லாம் சீஸ் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வரும் அப்பா அந்த நாற்காலியில் அப்படித்தான் குட்டித் தூக்கம் போடுவார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நேற்று நீங்கள் தொலைபேசியில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "வெர்னா, அவன்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். 'டேய் ஓரின், நன்றி நாள் விருந்துல எல்லார் முன்னாடியும் உன் வான்கோழியைச் செருப்புத் தோல்னு சொன்னது என் தப்புடா, ரெண்டு வருஷமா நீ பேசாம இருக்கிறது தாங்கலடா'ன்னேன். பத்து நிமிஷம் குறுக்கே பேசாம கேட்டான்! பொறந்ததுலேருந்து அவன் அப்பிடிக் கேட்டதே இல்ல. கடைசியில ரெண்டு விரலைத் தூக்கினான். எனக்கு அது போதும்" என்று அழுதீர்கள். அம்மாவும் அழுதார். மாவில் உப்பு கூடிவிட்டது.

அத்தை, நீங்கள் வந்தது செவ்வாய் மதியம் இரண்டு மணி. அந்நேரம் அப்பா உள்ளே தூங்குவார், இடி விழுந்தாலும் எழ மாட்டார். விரலைத் தூக்கியது காற்று; கையுறைக்குள் வளையும் கம்பி வைத்திருக்கிறேன். நம் ஊரில் எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து விரல் தூக்குவார்களே, அதுபோல இருக்கட்டும் என்றுதான். அன்று பள்ளியிலிருந்து திரும்பியபோதும் பொம்மை அங்கேயே இருந்தது. இடது கால் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது, சருகு ஈரம் இழுத்திருக்கும்.

ஆகவே நீங்கள் இன்னொரு முறை வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், இந்த முறை ஆளிடம். சொந்த அக்காவே தம்பி என்று நம்பிய பொம்மைக்கு முதல் பரிசு தராமல் வேறு எதற்குத் தருவீர்கள்? நூலகம் கழித்துவிட்டு முதல் பரிசாகத் தரப்போகும் அந்த இருபத்திரண்டு தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்காக என் கட்டிலை ஏற்கெனவே நகர்த்தி வைத்துவிட்டேன், இப்போது அலமாரிக் கதவு திறக்க முடியலை, ஒரே ஸ்வெட்டரோட மூணு நாளா பள்ளிக்கூடம் போறேன் அத்தை.

அம்மா தன் அன்பைத் தெரிவிக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் பார்க்கவில்லை, பார்த்தால் தெரிவித்திருப்பார்.

என்றும் பணிவுள்ள,
லினியா

பி.கு.: உறையில் போடும் முன்பே அப்பா வேலையிலிருந்து வந்து படித்துவிட்டார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். செவ்வாய் மதியம் பக்கத்து வீட்டு நாய் பொம்மையைத் தெரு முழுக்க இழுத்துக் கிழித்ததாம். நடுவர்கள் வரும் நேரம் என்பதால் அந்தச் சட்டையையும் கையுறையையும் தானே மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கவிழ்த்து உட்கார்ந்தாராம். நீங்கள் போன பிறகுதான் புதுச் சருகு திணித்திருக்கிறார்.

"அத்தை அவ்வளவு பேசியும் ஏன்ப்பா வாயைத் திறக்கலை?"

"பொம்மை பேசினா உன் பரிசு போயிடாதா?"

"அப்போ அந்த விரல்?"

"அதை மட்டும் பிடிச்சு வைக்க முடியலைம்மா."

எனவே அந்நேரம் எங்கள் வீட்டில் பொம்மை இல்லை. வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். மரியாதையாக நடந்துகொண்டார். முறையீட்டைத் திரும்பப் பெறுகிறேன். கட்டிலையும் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டேன்.

அப்பா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்: "செருப்புத் தோல்தான்னு அக்காகிட்ட சொல்லு. அந்த வான்கோழியில என் பங்கை நானே நாப்கின்ல சுத்தி ஒளிச்சு வெச்சேன்."