பத்தாவது நிமிடம்

"மாமா, அக்கா சேலையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. மாடு ஏமாந்துரும்," என்றான் மச்சினன் சிவக்குமார்.

மாதப்பனின் மனைவி அம்மணி இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் சேலைகள் இன்னும் கொடியில்தான் கிடந்தன.

செவலி அம்மணியின் மாடு. பிறந்த வீட்டிலிருந்து கன்றுக்குட்டியாக ஓட்டி வந்தாள். காலைப் பால் அதன் கன்றுக்கு. மாலையில்தான் கறவை. எஸ்டேட் வேலை முடிந்து அவள் வரும் பஸ் கரடியூர் வளைவில் ஹாரன் அடிக்கும். அங்கிருந்து வீட்டுக்கு ஏற்றத்தில் பத்து நிமிட நடை. ஹாரன் கேட்டதும் செவலி ஒன்றும் செய்யாது, அசைபோட்டுக்கொண்டிருக்கும். எட்டாவது நிமிடம் காதைத் தூக்கும். பத்தாவது நிமிடம் அவள் படலைத் திறக்கும்போது காம்பில் பால் சொட்டும். கடிகாரம் பார்க்கத் தெரியாத மாட்டுக்குக் கணக்கு அவ்வளவு சுத்தம்.

பஸ் இப்போதும் வருகிறது. மாதப்பன் சொம்போடு உட்காருகிறான். இரண்டு பீச்சு வரும். பிறகு நின்றுவிடும். செவலி பாலை மடிக்குள் எக்கிக்கொள்கிறது என்பான்.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன் மாமா. அப்பவும் கறக்கலீன்னா வியாபாரிய வரச் சொல்லீருவேன்."

"அதுவும் போயிட்டா இந்த ஊட்டுல அவ வளத்தது எதுவும் உசுரோட இருக்காதுடா சிவா."

"அப்பச் சேலையக் கட்டுங்க."

கட்டினான். செவலி திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தது. சொம்பை உதைத்தது. சேலையெல்லாம் சாணித் தண்ணீர்.

விறகுக்கட்டோடு போன பக்கத்து வீட்டு மருதாயி நின்றுவிட்டாள். "ஏம்ப்பா மாதப்பா, கொசுவத்த இன்னுங் கொஞ்சம் தூக்கிச் சொருவோணும். அம்மணி பாத்திருந்தா நொம்பச் சிரிச்சிருப்பா."

அவளும் சிரிக்கத்தான் தொடங்கினாள். முடியவில்லை. விறகோடு போய்விட்டாள்.

மறுநாள் சிவக்குமார் பஸ் ஹாரனைச் செல்லில் பதிவு செய்து வந்தான். "நேரங்கெட்ட நேரத்துல அடிச்சா மாடு குழம்பிப் பால விட்டுரும்."

பகல் பன்னிரண்டுக்கு அடித்தான். சரியாகப் பத்தாவது நிமிடம் செவலி கத்தியது. இரண்டு பீச்சு, அவ்வளவுதான். மூன்று நாள் அடித்ததில், செல் இல்லாமலே பகலிலும் கத்தப் பழகிவிட்டது. ஒரு வேளை காத்திருந்த மாடு இப்போது இரண்டு வேளை காத்திருந்தது.

சனிக்கிழமை மாட்டு வியாபாரி முருகன் கயிறோடு வந்தார். மாதப்பன் மறுபடியும் சேலையில் இருந்தான். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"கடைசியா ஒருக்காக் கறங்க, பாக்கலாம்," என்று சுவரோரம் குந்தினார்.

பஸ் ஹாரன் அடித்தது. எட்டாவது நிமிடம் காது எழுந்தது. பத்தாவது நிமிடம் பால் இறங்கியது. சர், சர் என்று இரண்டு பீச்சு. நின்றது.

"பாத்தீங்கல்ல? அக்கா இனி வராதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு." என்றான் சிவக்குமார். "ஓட்டிக்கிட்டுப் போங்க."

முருகன் எழுந்தார். கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டித் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு மாதப்பனிடம் சொன்னார்.

"மாட்டு மேல ஒரு குத்தமுமில்லீங்க. ரெண்டு பீச்சு பீச்சுனதும் கைய நிறுத்திப்போட்டுப் படலையே பாக்கறது நீங்கதானுங்க."