நாற்பதை மறைத்தவள்

மேஜைமேல் இரண்டு நோட்டுகள் விரித்துக் கிடந்தன. ஒரே தேதி, ஒரே நேரம், ஒரே படகு, ஒரே பாறை. இறங்கிய ஆழம் ஒன்றில் பன்னிரண்டு மீட்டர். மற்றதில் நாற்பது.

"தண்ணிக்குள்ள நீயும் உன் தம்பியும் ஜோடியாத்தானே போனீங்க?" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"ஒருத்தருக்கொருத்தர் கையெட்டுற தூரத்துலதானே இருக்கணும்?"

"ஆமா சார்."

"அப்ப நடுவுல இந்த இருபத்தெட்டு மீட்டர் எங்கேருந்து வந்துச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயசு. அந்த ஸ்கூபா பள்ளியில் சிலிண்டருக்குக் காற்று நிரப்புவதும், ரப்பர் உடைகளை அலசிக் காயப்போடுவதும் அவள் வேலை. உதவிப் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதை மனசில் வைத்துத்தான் இரண்டு வருஷமாக அலசிக்கொண்டிருந்தாள்.

முன்பு அந்த இடத்தில் இருந்தவனை முதலாளியே துரத்திவிட்டார். நன்றாகத்தான் முங்குவான், ஆனால் வாய் கடலைவிடப் பெரிசு. "பீத்திக்கிறவன் தண்ணிக்கடியில தன்னைத்தான் பார்ப்பான், கூட வந்தவனைப் பார்க்கமாட்டான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து இவள் அடக்கமாகிவிட்டாள். ஒருத்தர் அடக்கம் என்று கிளம்பினால் நாம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இவள் அதையும் ஓட்டப்பந்தயம் மாதிரித்தான் செய்தாள். "இன்னைக்கு எப்படிடி இருந்துச்சு?" என்று அம்மா கேட்டால் "ஏதோ, காலை நனைச்சேன்" என்பாள். ஆமை ஒன்று முகத்துக்கு நேரே வந்து போன நாளில் "என்னமோ ஒண்ணு போச்சு" என்றாள். அந்தத் தெருவிலேயே தன்னளவுக்கு அடக்கமான ஆள் கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பது மீட்டர் போய் வந்த அன்றைக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து "நாற்பது" என்று மூன்று தடவை சொன்னாள். அப்புறம் வெளியே வந்து நோட்டில் பன்னிரண்டு என்று எழுதினாள். இருபது என்றால் பீத்தல். பத்து என்றால் வேண்டுமென்றே குறைத்த மாதிரி இருக்கும். பன்னிரண்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கூட இறங்கியவன் சித்தி மகன், அங்கேயே வேலை பார்ப்பவன். பட்டப்பெயர் பீரங்கி. அவனுக்கு இந்த நோயெல்லாம் கிடையாது. நாற்பது என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறி போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தான்.

"சொல்லும்மா, எது சரி?"

நாற்பது என்றால் பீத்தலாகிவிடும். "பன்னிரண்டுதான் சார்" என்றாள் பணிவாக.

முதலாளி பீரங்கியின் நோட்டை மூடினார். "பொய் எழுதுறவன் எனக்கு வேண்டாம். நாளையிலேருந்து வரவேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிடு."

பின்கட்டில் குழாயடியில் நின்றிருந்த பீரங்கியிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

"அக்கா, நீயெல்லாம் மனுஷியா? பக்கத்துலயே தானே வந்தே!"

"நீ கொஞ்சம் அடக்கமா எழுதியிருக்கலாம்ல?"

"அடக்கம் வேணும்னா உன் ஆழத்தைக் குறைச்சுக்கோ. என் ஆழத்துல ஏன் கை வைக்கிறே?"

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சித்தி. இவன் அதற்குள் தகவல் அனுப்பியிருக்கிறான்.

"ஏன்டி, உனக்கு வேலை கிடைக்கணும்னா என் பிள்ளையைப் பொய்யனாக்குவியா? சின்ன வயசுல உங்க வீட்டுப் பூனை பாலைக் கொட்டினப்பவும் இவன் பேரைத்தான் சொன்னே!"

"பூனைதான்னு அப்புறம் சொன்னேனே சித்தி."

"எப்ப சொன்னே? இவன் முதுகு வீங்கினதுக்கப்புறம்!"

வேறு வழியில்லை. அவள் முதலாளி அறைக்குத் திரும்பி நடந்தாள். பீரங்கியும் பின்னாலேயே வந்து கதவை மறித்து நின்றுகொண்டான்.

"சார், பன்னிரண்டு பொய். நாங்க நாற்பதுதான் போனோம். பீத்திக்கக்கூடாதுன்னு குறைச்சு எழுதினேன்."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். அவர் பாராட்டினால் வேண்டாம் என்று மறுக்க ஒரு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நோட்டு எதுக்கும்மா? நாளைக்கு உனக்குத் தண்ணிக்கடியில ஏதாவது ஆனா டாக்டர் முதல்ல கேக்கிறது அதைத்தான். அதுல பொய். அது ஒண்ணு. ரெண்டாவது, அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு? சத்தமாப் படி."

'முப்பது மீட்டருக்குக் கீழே அனுமதியின்றிச் செல்பவர் நீக்கப்படுவார்.' வாரா வாரம் அந்தப் பலகையைத் துடைப்பவள் அவள்தான். துடைக்கிறவர்கள் படிப்பதில்லை.

"ரெண்டு பேரும் கிளம்பலாம்."

"ஐயோ அக்கா!" என்றான் பீரங்கி. "நான் பொய்யனாவே இருந்திருப்பேனே! வேலையாவது ஒருத்தருக்கு மிஞ்சியிருக்கும்!"

அவள் மேஜைப் பக்கம் ஓரடி நெருங்கினாள். "சார், சரியா நாற்பதுன்னு சொல்ல முடியாது. முப்பத்தஞ்சு இருக்கும்."

"ம்."

"முப்பத்திரண்டு?"

"ம்."

"இருபத்தொன்பதுன்னு வெச்சுக்கலாமா சார்?"

"இது என்ன காய்கறிக் கடையா?"

"நான் இருபத்தொன்பதரைக்கு ஒத்துக்கறேன் சார்" என்றான் பீரங்கி.

"வாயை மூடு. ஏம்மா, முதல்ல நாற்பதுன்னு எதை வெச்சு சொன்னே?"

பையிலிருந்து அவள் தன் கேஜை எடுத்து நீட்டினாள். மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற, ஆழம் காட்டும் கருவி. வேலையை விட்டுப் போன ஒருவரிடம் பழசாக வாங்கி, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கட்டியிருந்தாள். பீரங்கியிடம் கேஜே கிடையாது, அவனும் இதை எட்டிப் பார்த்துத்தான் எழுதினான். எவ்வளவு ஆழம் போனோமோ அங்கேயே நின்றுவிடுகிற சிவப்பு முள் ஒன்று அதில் உண்டு. அது இன்னும் நகராமல் நின்றிருந்தது.

முதலாளி கண்ணாடி போடாமலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நாற்பது. முள்ளே சொல்லுது, நீ என்ன பேரம் பேசறே?" என்று கேஜை மேஜையில் போட்டார். "அடையாள அட்டையை வெச்சுட்டுப் போங்க."

அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கமான அழுகை இல்லை. இரண்டு வருஷம் அலசிய ரப்பர் உடைகள் அத்தனைக்கும் சேர்த்து, வாசல்வரை கேட்கிற மாதிரி அழுதாள். "நாற்பது போனது தப்பா சார்? ஒருத்தர்கிட்டகூட சொல்லலையே சார்! எங்கம்மாகிட்டகூட சொல்லலையே!"

படகுச் சாவியை ஆணியில் மாட்ட உள்ளே வந்தார் படகுக்காரர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அழுகிறவளைப் பார்த்தார், தலையில் கை வைத்து நிற்கிற பீரங்கியைப் பார்த்தார், மேஜையில் கிடந்த கேஜை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் அதன்மேல் இருந்த உப்பைத் தேய்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

"இது அடிக்கணக்கு கேஜும்மா. நாப்பது அடின்னா பன்னெண்டு மீட்டர்தான். நோட்டுல சரியாத்தானே எழுதியிருக்கே, எதுக்கு அழறே?"