வேன் டாக்டரும் எதிர் மலைக் கொடியும்

மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் பிறந்தவர்களிலேயே அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் கண்களுக்காக அதிகம் கவலைப்பட்டவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி வேன் டிரைவர்தான். அடையாள அட்டையில் ஏதோ பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'டாக்டர்'.

பட்டம் கொடுத்தது நாங்கள். படிப்பு, ஈப்போவில் ஒரு கண் மருத்துவரிடம் கால் மணி நேரம். சோடாபுட்டிக் கண்ணாடியை மாற்றப் போனவரிடம் அந்த மனிதர், பாவம், பேச்சோடு பேச்சாகக் கண் எப்படி வளர்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வேனில் கைப்பேசிக்குத் தடை. ஸ்டியரிங் முன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் இரண்டு தக்காளி. ஒன்று உருண்டை, இன்னொன்று முட்டை மாதிரி நீளம்.

"பொறக்கறப்ப கண்ணு உருண்டை சின்னதா இருக்கும் லா. ஆளு வளர வளர அதுவும் வளரும். அளவா வளர்ந்தா படம் பின்னால திரையில கரெக்டா விழும். இந்தத் தக்காளி மாதிரி நீண்டுக்கிச்சுன்னா திரைக்கு முன்னாலயே விழுந்துடும். அப்புறம் கிட்ட எறும்பு தெரியும், தூரத்துல யானை தெரியாது" என்பார். வாரம் ஒரு முறை தக்காளியை மாற்றுவார். பழையது அவர் வீட்டு ரசத்துக்குப் போகும்.

தினமும் மூன்றாவது வளைவில் வேனை ஓரங்கட்டிப் பிள்ளைகளை இறக்கிவிடுவார். "எதிர் மலையில கோயில் கொடி எந்தப் பக்கம் பறக்குது?" பின்னால் கியா பார்ம் சந்தைக்குப் போகும் காய்கறி லாரிகள் ஹார்ன் அடிக்கும். "வெளிச்சத்துல நின்னு தூரமா பார்த்தா பிள்ளைங்க கண்ணுக்கு நல்லது லா" என்று லாரிக்காரர்களுக்கும் பாடம் நடக்கும். வேன் நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த நாளை நான் பார்த்ததில்லை.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. கொடியைக் கேட்டால், "பனியா இருக்கு அங்கிள்" என்பாள். எங்கள் மலையில் அது யாரும் மறுக்காத பதில். வீட்டிலும் எது தெரியவில்லை என்றாலும் பனி என்பாள், நாங்களும் தலையாட்டுவோம். பள்ளியிலிருந்து 'கவனம் இல்லை' என்று குறிப்பு வந்தது. ஒரு மாதம் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

ஒருநாள் காலையில் டாக்டர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். நான் அங்கே கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. நீளத் தக்காளியை என் மேசைமேல் வைத்தார்.

"கிராணி, இன்னைக்குப் பனி இருந்துச்சா?"

"இல்லையே."

"உங்க பிள்ளைக்கு இருந்துச்சு."

புரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. "இந்த வயசுலயே கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும் டாக்டர். பொம்பளப் புள்ள வேற."

"கண்ணாடியால ஏறாது லா. கண்ணு நீளறதால ஏறும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பதிமூணு வயசு வரைக்கும் கரும்பலகையில எழுத்து இருக்குன்னு மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். மக்குன்னாங்க. நானும் நம்பிட்டேன். படிப்பை விட்டுட்டேன்."

அன்று மதியமே என்னையும் மகளையும் வேனில் ஏற்றி, என் கைப்பேசியையும் பறித்து வைத்துக்கொண்டு, பிரிஞ்சாங் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனார். பரிசோதித்த பெண்ணுக்கும் தக்காளியைக் காட்டி விளக்கினார். அவள் பொறுமைசாலி.

நாலு நாளில் கண்ணாடி வந்தது. மகள் வெட்கப்பட்டுக் கழற்றி எறிந்துவிடுவாளோ என்று மறுநாள் நானும் வேனில் ஏறினேன். மூன்றாவது வளைவில் இறங்கினோம்.

"கொடி இடது பக்கம் பறக்குது அங்கிள்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அந்த மலையில தேயிலை வரிசை வரிசையா இருக்குப்பா."

தோட்டத்திலேயே பிறந்த பிள்ளை. அதுவரை அதை ஒரே பச்சையாகத்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளையையா அத்தனை திட்டினேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, சோடாபுட்டியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"பனி லா, கிராணி."

வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா டாக்டர்" என்றேன். "இன்னைக்குக் கொஞ்சம் அதிகம்தான்."