நண்டுக் கடை சில்லரும் பெண் பார்க்க வந்தவர்களும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு டேபிள் ஃபேனில் முடிகிற வேலைக்கு நான் மெஷின் வாங்குவேன். அதுவும் புதிதாக வாங்க மாட்டேன். யாரோ வைத்திருந்து அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டதைத்தான் வாங்குவேன். வாங்கியதை நானே மாட்டவும் செய்வேன். நானே மாட்டுகிற இந்தக் கடைசிப் பழக்கத்தால்தான் என் தங்கையின் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

அப்போது பெங்களூர் மர்பி டவுனில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான், மனைவி கலா, எங்களோடு தங்கி ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்கை சுமதி. செல்போனில் பாம்பு விளையாடுவதே பெரிய பொழுதுபோக்காக இருந்த காலம். எனக்கு மட்டும் ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் தலையில் கொண்டை வைத்த மாதிரி ஆறு தங்கமீன்கள்.

அந்த ஏப்ரலில் பெங்களூருக்கே அடுக்காத வெயில். தொட்டித் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. தொட்டிப் பக்கம் ஃபேனைத் திருப்பி வையுங்கள், தண்ணீர் தானாகக் குளிர்ந்துவிடும் என்றாள் கலா. நான் சிரித்தேன். (மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேரில் உட்கார்ந்திருப்பவன் சிரிக்கிற சிரிப்பு. நல்லவேளை, அதை யாரும் படம் எடுக்கவில்லை.)

ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. அல்சூர் பக்கம் ஒரு ஹோட்டலை மூடுகிறார்கள், அங்கே உயிர் நண்டு போட்டு வைக்கிற தொட்டிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஒன்று சும்மா கிடக்கிறது என்று. சனிக்கிழமை சாயங்காலம் அதை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். பார்க்க ஒரு குட்டி பீரோ மாதிரி இருந்தது. முன்னால் விசிறி, பின்னால் இரண்டு குழாய் மூக்கு. ஒன்றில் பம்ப் தள்ளுகிற தொட்டித் தண்ணீர் உள்ளே போகும், இன்னொன்றில் ஜில்லென்று திரும்பி வரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஹோட்டல் தொட்டியில் குடித்தனம் நடத்திய நண்டுகளின் வாசனை முழுவதையும் அது பத்திரமாக உள்ளேயே வைத்திருந்தது.

மறுநாள் சுமதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று எனக்கும் மறந்துதான் போயிருந்தது. அதற்காகவே ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, சில்லரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, எங்கள் ஃபிரிட்ஜை ரிப்பேர் பார்க்கிற ஜீவனஹள்ளி பாஷா பாயை வரவழைத்துக் காட்டினேன். அவர் குழாய் மூக்கைத் தடவிப் பார்த்தார். இந்த அளவுக்கு உங்கள் ரப்பர் குழாய் நிற்காது, சரியான கிளாம்ப் வாங்கி முறுக்குங்கள், இல்லாவிட்டால் கழன்றுகொள்ளும் என்றார். ஹாலில் வைத்தால் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டையெல்லாம் ஹாலிலேயே கக்கும், பால்கனியில் வையுங்கள் என்றும் சொன்னார். பால்கனி வரை குழாய் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளாம்ப் கடை திறந்திருக்கவில்லை. அதனால் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து மூக்கின்மேல் இறுகச் சுற்றினேன். சில்லரைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரப்போகிற சோபாவுக்கும் பக்கத்தில்.

"அவங்க வந்துட்டுப் போற வரைக்குமாவது அதை ஆஃப்ல வைங்க," என்றாள் கலா.

மாப்பிள்ளையும் சாஃப்ட்வேர், பார்த்தால் ரசிப்பார் என்றேன். ஸ்விட்சைப் போட்டேன்.

ராகுகாலம் நாலரைக்கு என்பதால் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. வேலூர்க்காரர்கள். சில்லர் அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் ஊட்டி, ஹாலில் வேலூர். விசிறி நேராக மாப்பிள்ளையின் அப்பா முழங்காலில் அனலை ஊதியது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, பெங்களூரு குளிரும் என்று சொன்னார்களே என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா மூக்கை லேசாகச் சுருக்கி, மதியம் என்ன சமையல் என்று விசாரித்தார். சாம்பார் என்று கலா சொன்னதை அவர் நம்பவில்லை.

சுமதி காபித் தட்டோடு வந்தாள். ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து முடித்தாள். அந்த நேரம் பார்த்து சைக்கிள் டியூப் வாயைத் திறந்தது.

குழாய் கழன்று தரையில் பாம்பு மாதிரி புரண்டு, முதலில் மாப்பிள்ளையின் அப்பாவை நனைத்தது. பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரை. நான் பாய்ந்துபோய்க் கட்டை விரலால் அடைத்தேன். அடைத்ததில் தண்ணீர் விசிறி மாதிரி பரவி, மிச்சமிருந்தவர்களும் நனைந்தார்கள். பம்பை நிறுத்தலாம் என்றால், பிளக் மாட்டிய பெட்டி தரையில் தண்ணீருக்கு நடுவில் கிடந்தது. மெயின் ஸ்விட்ச் கீழே, மாடிப்படிக்கு அடியில். யாரும் அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கீழே வீட்டு ஓனர் லுங்கியோடு நின்று தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நம்ம மனேலி மளே பர்த்தா இதே," என்றார் நிதானமாக. அவர் வீட்டுக்குள் மழை பெய்கிறதாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மெயினை அணைத்தேன்.

திரும்பி மேலே வந்தபோது தொட்டியில் அடிமட்டத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. ஆறு மீன்களும் பக்கவாட்டில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தன. பட்டுப்புடவையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து அண்டாவில் விட்டுக்கொண்டிருந்தவள் சுமதி. கலா முறத்தால் தண்ணீரைத் தள்ளினாள். அப்பா தன் வேட்டியின் ஒரு பகுதியைத் தியாகம் செய்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாகூடக் குனிந்து ஒரு டவலால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷி.

ஆறு மீனும் பிழைத்தன. அவர்கள் நாலரைக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. சம்மதமாம். பெண்ணின் சுறுசுறுப்பு ரொம்பப் பிடித்துவிட்டதாம். எனக்குப் போன உயிர் வந்தது. பார்த்தீர்களா என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் சுமதி.

அப்பா காரணம் கேட்டார்.

"தண்ணி வந்ததும் அந்த மாப்பிள்ளை ரெண்டு காலையும் தூக்கி சோபா மேல வச்சிக்கிட்டாருப்பா. அவங்கம்மா அவர் காலுக்குக் கீழ குனிஞ்சு தொடைக்கிறாங்க, அப்பவும் எறங்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் காலைக் கீழ வச்சிட்டு, காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தர முடியுமான்னு கேட்டாரு."

வேண்டாம் என்று அப்பாவே போன் செய்து சொன்னார்.

சில்லரை பாஷா பாய் எடுத்துக்கொண்டு போனார். தொட்டிக்கு டேபிள் ஃபேன் வந்தது. தண்ணீர் குளிர்ந்தது. இதைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து ரகு என்பவரின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, காபியோடு தண்ணீரும் கொண்டுவந்த சுமதியின் கையிலிருந்து தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தது. (தற்செயல் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.) ரகு சட்டென்று எழுந்து, துடைக்கத் துணி எங்கே இருக்கிறது என்று கேட்டபடி சமையலறைக்கே போய்விட்டார். கல்யாணம் அங்கேயே முடிவானது. அந்த அமளியில் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதைப் பிறகுதான் கவனித்தார்களாம்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த வரன் வந்தாலும், ஜாதகத்துக்கு முன்னால் "தண்ணி ஊத்திப் பாத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். சுமதி கதை முழுவதையும் ஆதியோடந்தமாகச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு, கலாவின் தோளில் கை போட்டுக்கொண்டு பெருமூச்சு விடுவாள்.

"எங்க அண்ணிதான் பாவம். அவங்களுக்கு யாரும் ஊத்திப் பாக்கல."