பச்சையா, மஞ்சளா?

அந்த மாநிலத்துக்கு எந்த நிறம் என்பதை மாலை ஐந்து மணிக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று முதலாளி சொன்னபோது மணி பத்தேகால்.

"ஐந்தாம் வகுப்புப் பூகோளம். அறுபத்து நாலு பக்கம். அறுபத்து மூணு அச்சகத்துக்குப் போயாச்சு," என்றார் அவர். "மிச்சம் ஒரு பக்கம் உங்க மேசையில உட்கார்ந்திருக்கு. ஏழு பதிப்பா அதையே திருத்திட்டு இருக்கீங்க. ஒரு பக்கத்தை முடிக்கத் தெரியாத பிரிவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பரீட்சை வழிகாட்டிக்காரங்க இடமில்லாம மாடிப்படியில உட்கார்ந்து வேலை பாக்கறாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் சார். காலையில நாலு பேரைத் தாண்டித்தான் வந்தேன்," என்றார் வரைபட ஆசிரியர்.

முதலாளி கதவுக்கு மேலே பார்த்தார். அங்கே ஒரு மரப்பலகை தொங்கியது. 'வாசகர் கடிதத்துக்குத் தீர்வு காணாத வரை எந்த மேசையும் கலையாது' என்று நிறுவனத்தைத் தொடங்கியவர் எழுதி மாட்டியது. தொடங்கியவர், முதலாளியின் தந்தை.

"இன்னைக்கும் முடியலைன்னா, எங்க அப்பா மேல ஆணையா அந்தப் பலகையைக் கழட்டிடுவேன்," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வரைபட ஆசிரியரை அலுவலகம் 'அளவுகோல்' என்று அழைத்தது. 'ஏறக்குறைய' என்ற சொல்லை அவர் தம் பணிக்காலத்தில் இரண்டே முறை பயன்படுத்தியிருந்தார். இரண்டு முறையும் பிறர் சொன்னதை மேற்கோள் காட்டுவதற்காக. வரைபடப் பிரிவு என்பது அவரும், கணினியில் நிறம் தீட்டும் வண்ணக்காரரும் மட்டுமே. ஜன்னலோரம் இருந்த மூன்றாவது மேசை தபால் அக்காவினுடையது. வரும் கடிதங்களுக்குச் சிவப்பு முத்திரையும் போகும் கடிதங்களுக்கு ஊதா முத்திரையும் குத்திக் குத்தி அவருடைய விரல்நுனிகள் எப்போதும் இரு நிறமாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் உள்ள அந்த இடத்தை அவர் எதற்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

சிக்கல் எளிமையானது. வரைபடத்தில் வட பகுதி பச்சை, தென் பகுதி மஞ்சள். இரண்டுக்கும் நடுவே அந்த மாநிலம் கால் நீட்டிப் படுத்திருந்தது. முதல் பதிப்பில் அதற்குப் பச்சை கொடுத்தார்கள். ஊதா மையில் ஒரு கடிதம் வந்தது: 'எங்களைத் தெற்கிலிருந்து பிரித்துவிட்டீர்களே! மூன்று நாளாகத் தூக்கமில்லை.' இரண்டாம் பதிப்பில் மஞ்சள் கொடுத்தார்கள். சிவப்பு மையில் ஒரு கடிதம் வந்தது: 'நாங்கள் தெற்கு என்று உமக்குச் சொன்ன மடையன் யார்?' ஊதாக்காரருக்குத் தெற்கர் என்றும் சிவப்புக்காரருக்கு வடக்கர் என்றும் அளவுகோல் பெயர் வைத்திருந்தார். ஏழு பதிப்புகளாக இருவரும் முறை தவறியதில்லை.

"இன்னைக்கு ஆதாரத்தோட முடிக்கறோம்," என்றார் அளவுகோல்.

ரயில்வே அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டார். வடக்கு என்றார்கள். வானிலை அலுவலகத்தைக் கேட்டார். தெற்கு என்றார்கள். அந்த மாநிலத்தின் சுற்றுலாத் துறையையே கேட்டார்.

"வடக்கேருந்து வர்றவங்களுக்கு நாங்க தெற்கோட வாசல் சார். தெற்கேருந்து வர்றவங்களுக்கு வடக்கோட வாசல்."

"எங்கேருந்தும் வராம, தெரிஞ்சுக்கணும்னு கேக்கறவங்களுக்கு?"

"வணக்கம் சொல்லி வெச்சிடுவோம் சார். வணக்கம்."

வைத்துவிட்டார்கள்.

"ஏன் சார் ஊரெல்லாம் கேக்கணும்?" என்றார் வண்ணக்காரர். "உங்க வீட்டம்மா அந்த மாநிலம்தானே?"

இருபத்து மூன்று ஆண்டுத் திருமண வாழ்வில் இது தமக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று அளவுகோல் வியந்தார். மனைவியை அழைத்தார்.

"ஏன்மா, உங்க ஊர் வடக்கா, தெற்கா?"

"இதைக் கல்யாணத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

"விளையாடாதே. அலுவலக வேலை."

"எங்க அப்பா வடக்குன்னு சொல்வார். எங்க அம்மா தெற்குன்னு சொல்வாங்க. அதனாலதான் எங்க வீட்ல அதைப் பத்திப் பேசறதே இல்ல. இருங்க, அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"வேண்டாம்" என்று சொல்ல அளவுகோல் வாயைத் திறந்தார். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் அவருடைய மாமனார் வீடு இரண்டாகியது. மாமனார் ஓர் அறையிலும் மாமியார் சமையலறையிலும் இருந்துகொண்டு, இருவருக்கும் நடுவே பேரப்பிள்ளைகள் மூலம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமனார் இரு தரப்புக்கும் 'நீ சொல்றதுதான் சரி' என்று சொல்லியனுப்பி, இரு தரப்பிடமும் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பேசாம ஆத்தை எல்லையா வெச்சுடலாம் சார்," என்றார் வண்ணக்காரர். "மாநிலத்துக்கு நடுவுல ஆறு ஓடுது. அந்தக் கரை பச்சை, இந்தக் கரை மஞ்சள்."

இயற்கையே போட்ட கோடு. அளவுகோலுக்கு அதன் துல்லியம் பிடித்திருந்தது. இருபது நிமிடத்தில் மாநிலம் இரு நிறமாயிற்று. குடும்பத்தில் அமைதி திரும்பட்டும் என்ற நல்லெண்ணத்தில் திரையைப் படமெடுத்து மைத்துனருக்கு அனுப்பச் சொன்னார். அவர் செய்த பிழைகளில் இதுவே முதன்மையானது.

உடனே அழைப்பு வந்தது.

"மாப்பிள்ளை, என்ன காரியம் பண்ணிட்டீங்க? என் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம், தோட்டம் இந்தப் பக்கம். காலையில வடக்கே பல் தேய்ச்சுட்டு தெற்கே போய்த் தண்ணி பாய்ச்சணுமா?"

"இப்பவும் அதைத்தானே மச்சான் பண்றீங்க?"

"இப்ப எனக்குத் தெரியாம பண்றேன். புத்தகத்துல போட்டுட்டா பிள்ளைங்க கேள்வி கேக்கும் மாப்பிள்ளை!"

ஆற்று எல்லை கைவிடப்பட்டது.

மணி மூன்று. வண்ணக்காரர் நாற்காலியில் சாய்ந்து, "கலந்துடலாமா?" என்றார்.

"எதை?"

"பச்சையையும் மஞ்சளையும். சரிபாதி. ரெண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடிக்கட்டும்."

கலந்தார்கள். இளம்பச்சையும் அல்லாத, முதிர்மஞ்சளும் அல்லாத, கண்ணுக்கு இதமான ஒரு நிறம் வந்தது. அளவுகோல் அதை ரசித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலோரத்திலிருந்து தபால் அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், கீழே குறிவிளக்கப் பெட்டியிலயும் இதே நிறம் இருக்கே?"

அளவுகோல் குனிந்து பார்த்தார். இருந்தது. பக்கத்திலேயே எழுதியும் இருந்தது: சதுப்பு நிலம்.

அதற்குள் வண்ணக்காரர் பழக்கதோஷத்தில் புதிய படத்தையும் மைத்துனருக்கு அனுப்பியிருந்தார். இம்முறை அழைத்தது மனைவி.

"ஏங்க, எங்க மாநிலம் மொத்தத்தையும் சேறாக்கிட்டீங்களாமே?"

"அது தற்காலிகம்மா."

"எங்க அப்பாவும் அம்மாவும் இப்ப ஒண்ணு சேர்ந்துட்டாங்க."

"நல்லதுதானே?"

"உங்களைத் திட்டறதுக்கு. சாயங்காலம் வரும்போது எங்க ஊர் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டு வாங்க. இல்லைன்னா மெதுவா வாங்க."

மணி நாலரை. அளவுகோல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவுக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தார். வெளியே மாடிப்படியில் யாரோ ஓர் ஏணியை இழுக்கும் ஓசை கேட்டது.

"அந்தச் சேத்தையாவது முதல்ல எடுத்துடுங்க," என்றார் சோர்வாக.

வண்ணக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். நிறம் நீங்கியது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே மாநிலம் வெள்ளை வெளேரென்று, குளித்து முடித்த குழந்தையைப் போல நின்றது.

அளவுகோல் கண்ணாடியை மாட்டினார். மீண்டும் கழற்றினார். மீண்டும் மாட்டினார்.

"தொடாதீங்க!" என்று கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. தபால் அக்காவின் கையிலிருந்த முத்திரை நழுவி விழுந்தது. "அப்படியே இருக்கட்டும். கீழே ஒரு வரி சேருங்க. சொல்றேன், எழுதிக்கோங்க. 'பயிற்சி: வெள்ளையாக விடப்பட்டுள்ள மாநிலத்துக்கு, நீ பொருத்தமெனக் கருதும் நிறத்தைத் தீட்டுக.' 'கருதும்'தான். 'நினைக்கும்' வேண்டாம்."

வண்ணக்காரர் எழுதினார். எழுதி முடித்ததும்தான் அவருக்குப் புரிந்தது. எழுந்து நின்றார்.

"சார்! வடக்கர் பச்சை அடிச்சுக்கலாம். தெற்கர் மஞ்சள் அடிச்சுக்கலாம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது!"

"ஒரு கடிதம்கூட வராது," என்றார் அளவுகோல். "இனி ஒரு கடிதமும் வராது."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு, அந்த அறையின் வரலாற்றில் முதன்முறையாக, கட்டிக்கொண்டார்கள். தபால் அக்கா மட்டும் தம் மேசைக்குத் திரும்பி, குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார்.

சரியாக ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். பின்னால் ஒருவர் ஏணியோடு நின்றார். முதலாளி சோதனைப் படியை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அற்புதம்யா! இதுல யாரும் எதையும் சொல்ல முடியாது. அப்ப இனிமே திருத்தமே தேவைப்படாது, இல்ல?"

"தேவைப்படாது சார்," என்றார் அளவுகோல், அளவு மீறிய பெருமையுடன்.

"அப்புறம் வரைபடப் பிரிவு எதுக்கு?"

வண்ணக்காரர் கதவுக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, அப்பாவோட பலகையை நான் மீற மாட்டேன்," என்றார் முதலாளி, உண்மையான மகிழ்ச்சியோடு. "புத்தகம் வெளிவந்து ஒரு மாசம் பாப்போம். கடிதம் எதுவும் வரலைன்னா அறையைக் காலி பண்ணிக் கொடுங்க. நீங்க ரெண்டு பேரும் பரீட்சை வழிகாட்டியில சேர்ந்துடுங்க. தபால் மேசையை மாடிப்படிக்கு அடியில போட்டுக்கலாம்."

சோதனைப் படியோடு அவரும், ஏணியோடு மற்றவரும் போனார்கள்.

வண்ணக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஏழு பதிப்பு முடிக்காம இருந்தோம், நல்லா இருந்தோம். இன்னைக்கு முடிச்சோம் பாருங்க, நாமளே முடிஞ்சுட்டோம்."

பரீட்சை வழிகாட்டிகளில் பக்கத்துக்கு எத்தனை பிழைகள் இருக்கும் என்பதை அளவுகோல் அறிவார். ஏறக்குறைய பதினொன்று. அந்தச் சொல்லை மனத்துக்குள் மூன்றாம் முறையாகப் பயன்படுத்திவிட்டதை உணர்ந்து அவர் மேலும் சோர்ந்தார்.

அப்போது தபால் அக்கா இரண்டு உறைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குக் கடிதம் சார்."

அளவுகோல் முதல் உறையைப் பிரித்தார். சிவப்பு மை. 'எட்டாம் பதிப்பில் எங்கள் மாநிலத்தை வெள்ளையாக விட்டிருக்கிறீர். நாங்கள் என்ன, குடியேறாத நிலமா? என் பேத்தி அதற்கு நீலம் அடித்துவிட்டாள். இப்போது நாங்கள் கடலில் இருக்கிறோம்.'

இரண்டாம் உறையில் ஊதா மை. 'ஐயா, எங்கள் வீட்டு வண்ணக்குச்சிப் பெட்டியில் மஞ்சள் மட்டும் தீர்ந்துவிட்டது. இதை அறிந்தே அந்தப் பயிற்சியைக் கொடுத்தீர்களா? மூன்று நாளாகத் தூக்கமில்லை.'

பழக்கத்தின் காரணமாக அவர் முதலில் நிறுத்தற்குறிகளைச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகே நிமிர்ந்தார்.

"அம்மா, எட்டாம் பதிப்பு இன்னும் அச்சகத்துக்கே போய்ச் சேரலையே?"

"அதனாலதான் சார் தேதி போடலை," என்றார் தபால் அக்கா, பேனாவின் மூடியைத் திறந்தபடி. "புத்தகம் என்னைக்கு வருதுன்னு சொல்லுங்க, போட்டுடறேன். ஏழு பதிப்புக்கும் அப்படித்தானே போட்டேன்."