மாமனாருக்கு ஆகாத மூலக்கூறு

இருமலுக்குக் கிளினிக்கில் காட்டிவிட்டுக் கொக்குவில் வீட்டுக்கு வந்த தில்லைநாதன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கமலா, கிருஷாந்தின்ரை கலியாணத்தை நிப்பாட்டு!"

கமலாவதி அகப்பையோடு ஓடி வந்தாள். மகன் கிருஷாந்துக்குப் பேசியிருந்த வட்டுக்கோட்டைப் பெண் ஆரபி தங்கமான பிள்ளை. நட்சத்திரம்தான் மூலம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஊரே சொல்லும். "ஆரபி இல்லாட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்" என்று மகன் ஒற்றைக்காலில் நின்றதால்தான் தில்லைநாதன் அரைமனதோடு தலையாட்டியிருந்தார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"சுவாசப்பையிலை தழும்பாம். ஏனெண்டு கேட்டன். 'தாக்கம் கூடின மூலக்கூறுதான் காரணம்' எண்டார். மூலம் தாக்குதாம்! எங்கடை வீட்டுச் சங்கதியை அவருக்கு ஆர் சொன்னது?"

கமலாவதி அகப்பையைக் கீழே வைத்தாள். "இன்னும் தாலியே கட்டேல்லை. அதுக்குள்ளை எப்பிடித் தாக்கும்?"

"கூறு எண்டவரெல்லே? இப்ப ஒரு கூறுதான் தாக்குது. தாலி கட்டினா முழுசா வரும்!"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மகன் தனிமரமாக நிற்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? ஐயரைப் பிடித்துக் கோயிலில் மூலசாந்தி ஓமம் வைத்தாள். தில்லைநாதனை ஓமகுண்டத்துக்குக் கிட்ட இருத்தினார்கள். நெய்யும் சமித்தும் புகைந்ததுதான் தாமதம், மனிசன் இருமி இருமிக் கண் பிதுங்க, நாலு பேர் தூக்கித்தான் ஓட்டோவில் ஏற்றினார்கள்.

"பாத்தியே, சாந்தி செய்யச் செய்யக் கூடுது!" என்றார், இழுத்த மூச்சோடு.

டொக்டர் விசயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஐயா, மூலக்கூறு நட்சத்திரமில்லை! ஒட்சிசன், நைதரசனிலை இருந்து உடம்புக்குள்ளை உண்டாகிற, கண்ணுக்குத் தெரியாத, பட்டதோடையெல்லாம் வினைபுரியிற துணிக்கையள். அளவோடை இருந்தா கிருமியைக் கொல்லும். மிஞ்சினா சுவாசப்பையையே புண்ணாக்கும். புண் ஆறுற இடமெல்லாம் தழும்பாகி இறுகிப்போகும். புகை பட்டா இன்னும் கூடும். நீங்கள் போய் ஓமப்புகைக்குள்ளை இருந்திருக்கிறியள்!"

"அப்ப மருமகள்?"

"அந்தப் பிள்ளைக்கும் உதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

தில்லைநாதனுக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். வீட்டுக்கு வந்த கையோடு, கலியாணத்துக்கு நாள் வைக்கச் சொல்லித் தரகர் குகதாசனை வட்டுக்கோட்டைக்கு அனுப்பினார்.

போன குகதாசன் தொங்கின முகத்தோடு திரும்பி வந்தார்.

"என்ன குகதாசன், மூலத்துக்கு எனக்குப் பயமில்லையெண்டு சொன்னனீரோ?"

"ஓம் அண்ணை, சொன்னனான். ஆனா நீங்கள் கோயிலிலை மூச்சுக்கு இழுத்தது அவையின்ரை காதுக்கும் எட்டிப்போட்டுது. நாளைக்கு உங்களுக்கு ஏதும் நடந்தா, பழி தங்கடை பிள்ளையின்ரை மூலத்திலை விழுமாம். தங்கடை பிள்ளைக்குச் சுவாசப்பை நல்லா இருக்கிற மாமனாரா என்னைப் பாத்துக் கொண்டுவரட்டாம்."